கூரையில் தொடங்கும் துரு

மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டே இருக்கைகள், மடக்கித் திறக்கும் துணிக்கூரை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கரங்களைச் சுழற்றும் முன்பக்க இன்ஜின். அறுபதுகளின் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களை, குறிப்பாக லோட்டஸ் எலானை, மனத்தில் வைத்து ஜப்பானியர் செய்த வண்டி இது. எலான் வைத்திருந்தவர்களைப் படுத்திய எண்ணெய் ஒழுகலும் மின்கோளாறும் இதில் பெரும்பாலும் இல்லை. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. பிரிட்டனில் இந்த ஒரு காரையே நம்பிப் பிழைப்பு நடத்தும் பட்டறைகள் இருக்கின்றன. 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை வண்டிகள்தான் அங்கே அதிகம் வந்து நிற்பவை. அவற்றில் மெக்கானிக்கைவிட வெல்டருக்கே வேலை அதிகம்.

இன்ஜின் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தே போனாலும் வால்வுகள் பிஸ்டனில் இடிக்காத அமைப்பு என்பதால் வண்டி நடுவழியில் நிற்கும், இன்ஜின் பாழாகாது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின்போல டிக்டிக் என்று கேட்கும் சத்தம் வால்வுகளின் ஹைட்ராலிக் லிஃப்டரில் இருந்து வருவது. ஆயில் மாற்றினால் பல வண்டிகளில் அடங்கிவிடும். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பானால் வெடிக்கும் முன் மாற்றிவிடுவது நல்லது. கிளட்சின் கீழ் சிலிண்டர் ஒழுகுவதும் சகஜம், விலையும் அதிகமில்லை. இன்ஜினின் பின்முனையில் உள்ள கேம் சென்சாரின் ரப்பர் வளையம் இறுகிப்போனால் எண்ணெய் வழிந்து கியர்பாக்ஸ் மேல் இறங்கும். அதைக் கிராங்க் சீல் ஒழுகல் என்று தவறாக எண்ணி கியர்பாக்ஸைக் கழற்றியவர்கள் உண்டு. கோளாறுக்குக் காரணம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் வளையம், கூலியோ ஒருநாள் வேலைக்கு.

இன்ஜினில் பெருஞ்செலவு வைக்கும் ஒரே ஒரு விதிவிலக்கு, ஏறத்தாழ 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 லிட்டர் இன்ஜின்கள். இவற்றில் கிராங்க்‌ஷாஃப்டின் முன்மூக்கு குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றியவர் நடு போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்காமல் விட்டிருந்தால் புல்லியும் அதைப் பூட்டும் சாவித்துண்டும் ஆடி ஆடி, சாவித்துண்டு உட்காரும் பள்ளத்தையே தின்றுவிடும். சரிசெய்ய இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கலாம். புல்லியின் முகத்தைப் பார்த்தால் எந்த வகை என்று தெரியும்: நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிந்தைய பலமான வகை.

மற்றபடி எம்எக்ஸ்-5க்கு எதிரி தண்ணீர்தான். மழை பெய்தால் கூரைத் துணியின் பின்விளிம்பில் வழியும் நீரை உள்ளே ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஏந்திக்கொள்ளும். அது இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலைகளிலும் உள்ள குழாய்களுக்கு நீரைத் தள்ளும். குழாய்கள் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விடும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைத்துகளும் மண்ணும் அந்தக் குழாயை அடைத்துவிடும். தேங்கிய நீர் வேறு வழி தேடி, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகட்டுக்குள் இறங்கும். வெளியிலிருந்து சாலை உப்பும் சேரும். செஷயரின் வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்தில் வெட்டிய பாறை உப்பைக் குளிர்காலம் முழுக்க பிரிட்டன் சாலைகளில் கொட்டுகிறார்கள். ஆக உள்ளே மழைநீர், வெளியே உப்புநீர், நடுவில் மெல்லிய இரும்பு. இரும்புக் கூரையற்ற காரில் இந்தப் பெட்டித்தகடு அலங்காரமல்ல. மூடிய காரில் கூரையும் தூண்களும் பங்குபோடும் பாரத்தை இங்கே இதுவே பெரும்பாலும் சுமக்கிறது.

பட்டறையில் பார்த்த வண்டி ஒன்றின் சிவப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது. வெல்டர் பின்சக்கரத்துக்கு முன்னால் கைமுட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். தகட்டின் 'டங்' ஓசை ஓரிடத்தில் 'தொப்'பென்று செத்தது. காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. அந்த இடம் முழுக்கப் பட்டி. கிரைண்டரால் சுரண்டியபோது பட்டிக்குக் கீழே ஒரு புதுத் தகடும் அதற்குக் கீழே பழைய துருத்தகடும் இருந்தன. துருவை வெட்டி எடுக்காமல் மேலே ஒட்டுப்போட்டு விற்ற வண்டி. இப்படிப்பட்டதை வாங்குவதைவிட, துரு கண்ணுக்குத் தெரியும் வண்டியை வாங்குவது மேல். அங்கே குறைந்தபட்சம் விலையாவது உண்மை பேசும்.

முறையான வேலை மெதுவானது. இருக்கை, கார்பெட் எல்லாம் வெளியே வரும். கதவு வாயின் குறுக்கே தற்காலிகக் கம்பி ஒன்றை வைத்து வெல்ட் செய்வார்கள், இல்லாவிட்டால் தகட்டை வெட்டியதும் உடல் தொங்கி, பிறகு கதவு மூடாது. வெளித்தகட்டை வெட்டி, உள்ளே இருக்கும் வலுத்தகட்டில் நல்ல இரும்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். புதுத்தகட்டை ஒரே ஓட்டமாக வெல்ட் செய்வதில்லை. ஒரு முனையில் ஒரு பொட்டு, மறுமுனையில் ஒரு பொட்டு என்று சூடு ஆற ஆற வைப்பார்கள். முடிவில் உள்ளே மெழுகு பீய்ச்சுவார்கள். ஒரு பக்கத்துக்கே சில நூறு பவுண்டு ஆகும். மூன்று வயது கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில், சீட்பெல்ட், சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் பலத்தைக் குறைக்கும் துரு இருந்தால் வண்டி தேறாது. சோதனைக் கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டுதான், தேறாவிட்டால் வெல்டருக்குக் கொடுப்பதுதான் செலவு.

கூரை மாற்றுபவரின் வேலை இதற்கு நேர்மாறான மென்மை. முதல் தலைமுறையில் பின்ஜன்னல் பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்கவைத்த பிறகே கூரையை மடக்க வேண்டும். குளிரில் அவசரப்பட்டால் மடிந்த கோட்டில் விரிசல் விழும். துணியின் பின்விளிம்பை இரும்புப் பட்டைகள் வரிசையான பத்து எம்எம் நட்டுகளால் பிடித்திருக்கும். துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதிலேயே காலைப்பொழுது போய்விடும். அப்போதே வாய்க்காலையும் மாற்றச் சொல்வது அவர்கள் வழக்கம். பழைய பிளாஸ்டிக் தொட்டால் நொறுங்கும், அதை விட்டுவிட்டுப் புதுத்துணி போடுவது வீண். புதுத்துணி முதலில் விறைப்பாக இருக்கும் என்பதால் வெதுவெதுப்பான இடத்தில் விரித்துவைத்துத்தான் இழுக்கிறார்கள். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையின் கண்ணாடி ஜன்னல் கூரை பழைய சட்டத்திலும் பொருந்தும், பலர் அதையே போட்டுக்கொள்கிறார்கள். அடைத்த குழாயைக் கூரான கம்பியால் குத்துவது கூடாது, குழாயே கிழியும். வளையும் நைலான் குழலே போதும்.

மீதிச் செலவுகள் சிறியவை. 1.6 காரின் பதினான்கு அங்குல டயர் மலிவு. குளிர்காலம் முழுக்க ஓடாமல் நின்றால் பின்பிரேக்கின் கைபிரேக் பொறி இறுகிவிடும். பேட்டரி டிக்கியில் இருப்பதால் வாயு வெளியேற குழாய் உள்ள வகையையே போட வேண்டும், இல்லையேல் டிக்கித் தகடும் அரிக்கும். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்குச் சாலைவரி இன்ஜின் அளவைப் பொறுத்தது. எல்லை 1549 சிசி என்பதால் 1.6 வண்டியும் உயர்ந்த வரியிலேயே மாட்டும். லண்டனின் மாசுக்கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் நுழைந்தால், தரம் எட்டாத பழைய வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. நாற்பது வயதானால் இரண்டிலிருந்தும் விலக்குக் கிடைக்கும். முதல் வண்டிகளுக்கு அந்த வயது 2029, 2030இல் வருகிறது.