உறங்காத பிள்ளையும் உறங்க வேண்டிய தாயும்



உறக்கத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். இஷாத் தொழுகைக்குப் பின் பாயில் சாய்ந்தால் சுப்ஹு பாங்கொலி கேட்கும்வரை கண்ணயரும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. வல்ல அல்லாஹ் தன் அத்தாட்சிகளை நபா அத்தியாயத்தில் எண்ணிக் காட்டும்போது, மலைகளோடும் வானங்களோடும் சேர்த்து உறக்கத்தையும் ஓர் இளைப்பாறுதலாகக் குறிப்பிடுகிறான். அந்த அருட்கொடை ஒரு வீட்டில் இல்லாது போனால் என்ன ஆகும் என்பது, வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டு நிம்மதியாக உறங்கும் மற்றவர்களுக்காகவும் இதனை எழுதுகிறேன்.

என் தங்கையின் மகனுக்கு இப்போது 11 வயது. ஆட்டிசம் உள்ளவன். பேச்சு வரவில்லை. எங்கள் கடலோர ஊரின் வழக்கப்படி தங்கை திருமணத்திற்குப் பின்னும் தாய்வீட்டிலேயே இருக்கிறாள். அவள் கணவர் சவூதியில் பணிபுரிகிறார். ஆகவே அவன் வளர்வதை நான் அருகிருந்து பார்த்து வருகிறேன். ஏழு வயதில் அவனுடைய இரவுகள் மிகக் கடுமையாக இருந்தன. நள்ளிரவு 12.30 வரை கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பான். பின்னர் உறங்கினாலும் 3 மணிக்கு விழித்து இருட்டில் தனியாகச் சிரிப்பான். கதவின் தாழ்ப்பாளைத் திறக்கவும் பழகிக்கொண்டான். எங்கள் தெருவின் கடைசியில் கடல் இருக்கிறது. ஆகவே தங்கை தன் முந்தானையை அவன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுப்பாள். அவன் அசைந்தால் இவள் எழுந்துவிடுவாள். இப்படியே ஓராண்டுக்கு மேல் கழிந்தது.

ஒரு நாள் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் அவள் முஸல்லாவில் இருந்தபடியே, "லாத்தா, இவன் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டு ஒரு மணி நேரம் தூங்கட்டுமா? அது பாவமாகுமா?" என்று கேட்டாள். மதரஸாவில் என்னிடம் மஸ்அலா கேட்கும் மாணவியரின் குரலிலேயே அதைக் கேட்டாள். இப்படிக் கேட்கும் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். நான்கு இரவுகள் தொடர்ந்து உறங்காமல் இருந்து பார்த்துவிட்டு அதன்பின் தீர்ப்புச் சொல்லட்டும்.

கட்டக் கூடாது என்றுதான் சொன்னேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளின் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்ததை நம் சமுதாயம் மறந்திருக்காது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் கருகியவர்கள் உள்ளிட்ட 28 பேர் அதில் மாண்டனர். கட்டி வைக்கப்பட்ட பிள்ளைக்குத் தீயிலிருந்தோ பாம்பிலிருந்தோ விலக வழியில்லை. ஆனால் 'கூடாது' என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னவர்களுக்கு, அந்தத் தாய் உறங்குவதற்கு வேறு வழி தேடும் பொறுப்பும் உண்டல்லவா?

அக்காலத்தில் வீடு தேடி வந்த யோசனைகள் கொஞ்சமா! இரவில் சிரிக்கிறானே, யாரோடு சிரிக்கிறான் என்றார் உறவுக்காரப் பெண்மணி ஒருவர். தாயத்துக் கட்டச் சொன்னவர்கள் உண்டு. தர்காவில் 21 நாள் தங்கச் சொன்னவர்களும் உண்டு. ஜின்கள் இருப்பதைத் திருக்குர்ஆன் கூறுகிறது; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் உறங்காத பிள்ளைகள் எல்லார்மீதும் ஜின்னைச் சுமத்தும்படி மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. நோயைத் தந்த இறைவன் அதற்கு நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்று சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்தாம். அதே நாட்களில் ஒரு மருந்துக்கடையில், சளி மருந்தைக் கொடுத்தால் அசந்து தூங்கிவிடுவான் என்று சொல்லி ஒரு புட்டியையும் விற்றார்கள். அன்றிரவு அவன் விடியும்வரை குதித்தான். அவ்வகை மருந்து சில பிள்ளைகளிடம் மயக்கத்திற்குப் பதிலாகப் படபடப்பையே உண்டாக்கும் என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். மருத்துவர் எழுதித் தராத எதையும் உறக்கத்திற்காகக் கொடுக்காதீர்கள்.

நான் மருத்துவம் பயின்றவள் அல்லள். கலைப்பட்டம் பெற்று, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவள். ஆனால் எழுதி வைக்கத் தெரியும். அதுவே பெரிதும் பயன்பட்டது. எங்கள் குழந்தை மருத்துவர், 14 இரவுகள் நடப்பதை ஒரு நோட்டில் குறித்து வரும்படி கூறினார். படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம், பகலில் உறங்கியது, அன்று உண்டது, மலம் கழிந்ததா இல்லையா, அனைத்தையும் குறித்தோம். நோட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி உறக்கத்தைப் பற்றியது அன்று. "மூன்று நான்கு நாள் வயிறு கழியாத இரவுகளில்தான் 3 மணிக்கு விழிக்கிறான், கவனித்தீர்களா?" என்றார். பேசத் தெரியாத பிள்ளை, வயிறு வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்? விழித்திருந்துதான் சொல்லும். மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, நெஞ்செரிச்சல், இரவில் வெளிவந்து அரிப்பை உண்டாக்கும் கீரிப்பூச்சி, இவையெல்லாம் 'அடம்' என்ற பெயரில் மறைந்து கிடக்கும். இவன் படுக்கையில் ஓயாமல் கால்களை உதைத்துக்கொள்வான். இரத்தப் பரிசோதனையில் உடலின் இரும்புச் சத்துச் சேமிப்பு மிகக் குறைந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் கொடுத்த மருந்தைச் சில மாதங்கள் உட்கொண்டபின் அந்த உதைப்பு தணிந்தது. உறக்கத்திலேயே உடல் வெட்டி வெட்டி இழுத்தால் அது வலிப்பாக இருக்கலாம். அதைக் கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது தெளிவாக இருக்கும்.

இங்கே இன்னொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். எங்கள் மதரஸாவுக்கு வரும் சிறுமி ஒருத்திக்கு டவுன் சிண்ட்ரோம். அவள் உறக்கத்தில் குறட்டை விடுவதைக் கேட்டு, 'என்னமாய்த் தூங்குகிறாள்' என்று வீட்டார் மகிழ்ந்திருந்தார்கள். பகலில் பாடத்தின் நடுவே சுருண்டுவிடுவாள். இரவில் உட்கார்ந்தபடியே தலையை முன்னால் பாயில் கவிழ்த்து உறங்குவாள் என்று அவள் தாயார் கூறியபோது எனக்கு ஐயம் ஏற்பட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு மூச்சுப்பாதை குறுகியும் தசைகள் தளர்ந்தும் இருப்பதால், உறக்கத்தில் மூச்சு சில நொடிகள் தடைப்படுவது மிகுதி. தடைப்படும்போதெல்லாம் மூளை எழுப்பிவிடும். பிள்ளை உறங்கியது போலிருக்கும், உறங்கியிருக்காது. தொண்டைச் சதையும் மூக்கின் பின்புற அடினாய்டுச் சதையும் நீக்கப்பட்ட பின் அவள் மல்லாந்து படுக்கிறாள், வகுப்பிலும் விழித்திருக்கிறாள். குறட்டை விடும் சிறப்புக் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டாமல் இருக்க வேண்டாம். எங்கே செல்வது என்று தெரியாதவர்கள், மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தை விசாரிக்கலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது.

வலிகள் தீர்ந்த பின்னும் எங்கள் பிள்ளை உடனே உறங்கிவிடவில்லை. இரவு என்றால் என்ன என்பதை அவனுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. இருட்டத் தொடங்கியதும் மெலட்டோனின் என்னும் சுரப்பு மூளையில் ஊறி, இரவு வந்துவிட்டதென்று உடலுக்கு அறிவிக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் அது குறைவாகவோ நேரந்தவறியோ இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. வெண்ணிறக் குழல் விளக்கும் கைப்பேசித் திரையும் அதை மேலும் ஒடுக்கும். ஆகவே மஃரிபுக்குப் பின் கைப்பேசி பீரோவுக்குள் சென்றது. கூடத்தில் மங்கிய மஞ்சள் விளக்கு வந்தது.

அடுத்து, வரிசை. அலிஃப், பே கற்பிப்பவர்களுக்கு இது புதிதன்று. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முறை என்றால் மந்தமான பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்கோ மாறாத வரிசைதான் பாதுகாப்பு. நம் வீட்டில் அதைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உறங்குமுன் ஒளு, படுக்கையைத் தட்டுதல், உள்ளங்கைகளில் ஓதி ஊதி உடலில் மும்முறை தடவுதல், வலப்பக்கமாகச் சாய்தல் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கே ஓர் அழகிய வரிசையல்லவா! சோறு, குளியல், பல் துலக்கல், ஒளு, படுக்கை தட்டல், ஓதல் என்று அமைத்தோம். படுக்கையைத் தட்டும் வேலையை அவனிடமே கொடுத்தோம். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. ஓதித் தடவும்போது தலைமுதல் கால்வரை சற்று அழுத்தித் தடவுவோம். மெல்லத் தொட்டால் சிலிர்த்து விலகுவான், அழுத்தினால் அடங்குவான். எடை மிகுந்த போர்வைகளை விற்கிறார்கள். அவற்றால் உறக்கம் நீளவில்லை என்றே முறையான ஆய்வொன்று கண்டது. காசை வீணாக்க வேண்டாம்.

வரிசையைச் சுவரில் படமாக ஒட்டுவது நல்லது என்றார் பயிற்சியாளர். உருவப் படம் வேண்டாம் என்று எங்கள் உம்மா தயங்கினார்கள். தட்டு, வாளி, பிரஷ், பாய், தலையணை என்று பொருள்களை மட்டும் படமெடுத்து ஒட்டினோம். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே கழற்றிப் பெட்டியில் போடுவான்.

நேரத்தைப் பற்றி மருத்துவர் சொன்னது முதலில் தலைகீழாகத் தோன்றியது. 9 மணிக்குப் படுக்க வைத்து மூன்றரை மணி நேரம் மல்லுக்கட்டாதீர்கள். அவன் உண்மையில் உறங்கும் 12.30-க்கே படுக்க வையுங்கள். படுக்கை என்றால் உறக்கம் என்று முதலில் பதியட்டும் என்றார். பின்னர் நான்கு இரவுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலை 6-க்கு எழுப்பிவிட வேண்டும். பகல் உறக்கம் கூடாது. 9.45-க்கு வந்து சேர 44 இரவுகள் என்பது கணக்கு. நடுவே ஒரு காய்ச்சலும் ஒரு கல்யாணமும் வந்ததால் மூன்று மாதமாயிற்று. கல்யாண வீட்டின் ஒலிபெருக்கிக்கு வரிசை தெரியுமா என்ன!

ஒரு தடை எவரும் எதிர்பாராதது. பிள்ளையின் வாப்பா வேலை முடிந்து, இஷாத் தொழுதுவிட்டு, அங்கே இரவு 9 மணிக்குப் பாசத்தோடு வீடியோவில் அழைப்பார். நம் நாட்டில் அப்போது 11.30. உறங்கிய பிள்ளை தந்தையின் குரல் கேட்டு எழுந்தால் மறுபடி உறங்குவதில்லை. அவரிடம் இதைச் சொல்லத் தங்கைக்கு மனம் வரவில்லை. மகனைக் காண்பதற்கு அவருக்கு அது ஒன்றுதானே வழி. நான்தான் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரி லாத்தா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுகிறேன்" என்றார். இப்போது அஸருக்குப் பின் தந்தையும் மகனும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பிள்ளையைத் தனியறையில் படுக்கப் பழக்குங்கள் என்று ஆங்கில நூல்கள் சொல்லும். ஒரே கூடத்தில் ஆறு பேர் பாய் விரிக்கும் வீடுகளுக்கு அது பொருந்தாது. எங்கள் வீட்டில் அவன் பாய் சுவரோரம், எப்போதும் ஒரே இடத்தில், கொசுவலைக்குள். வலைதான் அவன் அறை. கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் சிறு மணியும் பொருத்தியிருக்கிறோம்.

இத்தனையும் செய்தாலும் சில இரவுகள் அவன் விழித்தே இருப்பான். அந்த இரவுகள் யாருடையவை? 'பெற்றவள்தானே பார்க்க வேண்டும்' என்பதே எல்லா வீடுகளிலும் எழுதப்படாத சட்டம். இரவுத் தொழுகையிலேயே மூழ்கியிருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததை நாம் மேடைதோறும் கேட்கிறோம். வணக்கத்திற்காகக்கூட உடலை வாட்டக் கூடாதென்றால், மற்றவர்களின் சோம்பலுக்காக ஒருத்தியின் உடலை வாட்டலாமா? வாரத்தில் மூன்று இரவு தங்கை மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்க வேண்டும் என்று முடிவு செய்தோம். முதல் வாரம் உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தாயில்லாமல் பிள்ளை ஏங்கும் என்றார்கள். அவன் ஏங்கவில்லை. வரிசை மாறாதவரை, ஓதித் தடவும் கை யாருடையது என்பதை அவன் பெரிதுபடுத்தவில்லை. காலின் கயிற்றைப் பற்றித் தங்கை அதன்பின் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது அவன் பெரும்பாலும் 10 மணிக்குள் உறங்கி 5 மணி பாங்குக்கு எழுகிறான். அவன் வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும் என்கிறார் மருத்துவர். அவ்வளவு இன்னும் வரவில்லை.

எஞ்சியிருக்கும் சோதனை ரமளான். தெரு முழுதும் விழித்திருக்கும்; தராவீஹ் ஓசை, சஹருக்குப் பாத்திரங்களின் ஓசை, பிள்ளைகளின் கூச்சல். அவன்மீது நோன்பு கடமையில்லை. ஆனால் ஊரின் இரவு மாறும்போது அவன் இரவும் குலைகிறது. ஆகவே அந்த மாதம் மட்டும் அவன் பாய் பின்கட்டு அறைக்குச் செல்லும். ஷஅபானிலேயே அங்கே பழக்கிவிடுகிறோம். சஹர் உணவு முன்னிரவிலேயே தயாராகிவிடும். பெண்கள் தைக்காவில் நடக்கும் தராவீஹுக்குத் தங்கையும் செல்ல வேண்டும் என்பதற்காக, எந்த இரவு யார் வீட்டில் இருப்பது என்று எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுவோம். வரும் ரமளானில் அவள் கணவர் விடுப்பில் வருகிறார். கடைசிப் பத்து இரவுகளில் ஐந்துக்கு எதிரே அவர் தம் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்.