தேரையாக்கும் தண்டனை

லாம்ப்டாமூ. 1990-இல் கலிஃபோர்னியாவில், செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய இணைய ஊர். படம் கிடையாது, எல்லாமே எழுத்து. தன் வீட்டையே மாதிரியாக வைத்து அவர் கட்டிய மாளிகை. புதிதாக வருகிறவர் கோட்டு மாட்டும் அலமாரிக்குள் இருட்டில் நின்றுகொண்டிருப்பார். கதவைத் திறந்தால் வரவேற்பறை, அங்கே அரட்டை.

*

அந்த ஊரின் சொற்கள்: நிரலின் சாவி கையில் இருப்பவர்கள் ‘மந்திரவாதிகள்’. உச்ச தண்டனை ‘தேரையாக்குவது’. பழைய விளையாட்டுகளில் தப்பு செய்தவரின் உருவத்தை நிஜமாகவே தேரையாக மாற்றுவார்களாம். இங்கே கணக்கையே அழித்துவிடுவார்கள். பெயர் வேடிக்கை, தண்டனை மரணம்.

*

1992 டிசம்பர். சண்டை தீர்த்துத் தீர்த்துச் சலித்துப்போன கர்ட்டிஸ் அறிவிக்கிறார்: மந்திரவாதிகள் இனி வெறும் தொழில்நுட்பப் பணியாளர்கள். உங்கள் வம்புவழக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை மட்டும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

*

மூன்றே மாதத்தில் சோதனை வந்தது. ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பாத்திரம், பில்லிசூனியப் பொம்மை மாதிரியான ஒரு நிரலை ஏவி, வரவேற்பறையில் எல்லோர் கண்முன்னும் மற்றவர்கள் பெயரில் வக்கிரமான பாலியல் வன்முறையை எழுதிக் காட்டியது. எழுத்துதானே என்று சொல்லலாம். புண்பட்டவர்கள் திரைக்கு இந்தப் பக்கம் இருந்த மனிதர்கள்.

கூட்டம் போட்டார்கள். மணிக்கணக்காகப் பேச்சு. சட்டம் இல்லாத ஊரில் எந்தச் சட்டப்படி தண்டிப்பது? முடிவில்லாமல் கலைந்தார்கள். அதன்பின் ஒரு மந்திரவாதி தனியாக யோசித்து, தனியாகத் தட்டச்சிட்டு, பங்கிளைத் தேரையாக்கினார். ஊரில் பலர் நினைத்ததைத்தான் செய்தார். ஆனாலும் நெருடுகிறது. ஊர் பேசிக்கொண்டிருந்தது, தீர்ப்பைச் சாவி எழுதிவிட்டது.

*

பிறகு சீர்திருத்தம். மனு போடலாம், கையெழுத்து சேர்ந்தால் வாக்கெடுப்பு, எதிர்ப்பைப்போல் இரண்டு மடங்கு ஆதரவு இருந்தால் சட்டம். வழக்குத் தீர்க்கத் தன்னார்வ நடுவர்கள். ஒரு நடுவரின் தீர்ப்பை மற்ற நடுவர்கள் வாக்களித்து ஏற்கலாம், தள்ளலாம். காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் தீர்ப்பை நிறைவேற்றப் பொத்தானை அழுத்துவது? மந்திரவாதிகள்தான்.

1996 மே. மந்திரவாதிகள் மறுபடி அறிவிக்கிறார்கள்: ‘வெறும் பணியாளர்’ என்பது நடக்கவில்லை, நாங்களும் முடிவெடுப்போம். தோல்வி என்பார்கள். எனக்கு அது தாமதமாக வந்த வாக்குமூலமாகப் படுகிறது.

*

விக்கிப்பீடியா இதிலிருந்து பாடம் கற்றதோ, தானாகவே கண்டுகொண்டதோ. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் நடுவர் குழு இயங்குகிறது. எந்தக் கட்டுரையில் எது சரி என்று அது சொல்லாது. ஆட்களின் நடத்தையை மட்டும் விசாரிக்கும். நிருவாகியின் பதவியையும் பறிக்கும்.

ஒருவரே பல பெயரில் நடத்தும் கைப்பாவைக் கணக்குகளைப் பிடிக்க, பயனரின் ஐபி முகவரியைப் பார்க்கும் அதிகாரம் சிலருக்கு உண்டு. விதி: ஒரு விக்கியில் அந்த அதிகாரம் தனி ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது, குறைந்தது இரண்டு பேர். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கலாம். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு.

*

2019 ஜூன். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையே நேரடியாக நுழைந்து ஓர் ஆங்கில விக்கி நிருவாகியை ஓராண்டுக்குத் தடைசெய்தது. ஆதாரத்தை வெளியே சொல்லவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிருவாகிகள் பொறுப்பைத் துறந்தார்கள். செப்டம்பரில் நடுவர் குழு விசாரித்துத் தடையை நீக்கியது. நிருவாகிப் பதவியைத் திருப்பித் தரவில்லை. கொதிப்பு பெரும்பாலும் அவர் நிரபராதி என்பதற்காக அல்ல, கதவைச் சாத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் துன்புறுத்தலைப் பற்றிப் புகார் சொன்னவரின் பெயரையும் திறந்த கதவுக்கு வெளியே போடமுடியாதே. இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

*

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்தின் பெயர் ஆலமரத்தடி. பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது தடைப் பதிகை: யார், யாரை, எப்போது, என்ன காரணம் என்று ஒவ்வொரு தடைக்கும் ஒரு வரி. அலங்காரம் இல்லை. கணக்கே இல்லாதவரும் திறந்து படிக்கலாம்.

பங்கிளைத் தேரையாக்கிய அந்த ஒற்றை வரிக் கட்டளையை அன்று இப்படி ஒரு பதிகையில் எழுதவேண்டியிருந்தால், ‘காரணம்’ என்ற கட்டத்தில் அந்த மந்திரவாதி என்ன எழுதியிருப்பார்?