இறுக்கிப் பிடியுங்கோ

தம்பிக்கு அப்போது ஆறு வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கிருமி. ஆறு கிழமைக்கு நாளத்தால் மருந்து ஏற்ற வேணும் என்றார்கள். மருந்து கிடைத்தது. கனுலாதான் நிற்கவில்லை. இரண்டு நாளில் கை வீங்கும், கழற்றுவார்கள், மற்றக் கையில் தேடுவார்கள்.

அம்மாவால் பார்க்கேலாது, வார்ட் வாசலுக்குப் போயிடுவா. நாங்கள் இரண்டு பேரும்தான் பிடிப்போம். ஒருவர் கால், ஒருவர் தோள். "இறுக்கிப் பிடியுங்கோ, ஆடினா திரும்பக் குத்தவேண்டி வரும்" என்பா மிஸ். அவவையும் குறை சொல்லேலாது. சின்னப்பிள்ளையின் நாளம் நூல் மாதிரி, மேலே கொழுப்பு வேறு. பயந்து அழுதால் அதுவும் சுருங்கிவிடும்.

ஒருநாள் ஏழு குத்து. எண்ணினோம். ஏழாவதுக்கு அவன் அழவில்லை. எங்களைப் பார்த்து, "நீங்களும் அவையளோடயா?" என்றான்.

பிறகு கொழும்புக்கு மாற்றினார்கள். அங்கே குத்துவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னமே மரத்துப்போகிற கிறீம் பூசி, மேலே ஒட்டிவிட்டார்கள். டொக்டர் ஒரு சின்ன ஸ்கான் மெசினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். வயிற்றுப்பிள்ளையைப் பார்க்கிற அதே சாமான். குளிர் ஜெல்லைப் பூசிவிட்டு, உடைந்த தமிழில், "தம்பி, கறுப்பு வட்டம் பாரு" என்றார். அழுத்தினால் ஒரு வட்டம் தட்டையாகிறது, அது நாளம். மற்றது அழுத்தினாலும் துடிக்கிறது, அது நாடி. ஓ.எல். விஞ்ஞானத்தில் சிவப்பும் நீலமுமாக நாங்கள் கீறின படம்! (ஊரில் எல்லாருக்கும் இரண்டும் 'நரம்பு'தான்.) ஊசி நாளத்துக்குள் போவதைத் திரையில் பார்த்தே போட்டார். ஒரே குத்து. தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தநாள் மயக்கிவிட்டு, மேல்கை நாளத்தால் ஒரு மெல்லிய நீளக் குழாய் விட்டார்கள். அதன் நுனி இதயத்துக்குச் சற்று மேலே பெரிய நாளத்தில் நிற்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்தார்களாம். மருந்து முடியுமட்டும் அந்த ஒரே குழாய்தான். அடைக்காமல் இருக்க ஒவ்வொரு தரமும் சேலைன் அடிப்பார்கள். குளிக்கும்போது பொலித்தீன் சுற்றுவது எங்கள் வேலை.

முதல் ஆஸ்பத்திரியிலும் ஸ்கான் மெசின் இருந்தது. வேறொரு அறையில். அதைப் பார்த்துக் கனுலா போடப் பழகின ஆள் அன்றிரவு இருந்திருக்காமலும் விடலாம். ஆனால் மூன்றாவது குத்தோடு நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம். வேறு யாரையாவது கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அந்தக் கிறீமையாவது கேட்டிருக்கலாம். நாங்கள் வாய் திறந்தது, "தம்பி ஆடாதை" என்று சொல்ல மட்டும்தான்.

போன மாதம் அவனுக்கு இரத்தம் சோதிக்கப் போனோம். இப்போது ஒன்பது வயது. தானாகவே கையை நீட்டினான். நாங்கள் கிட்டப் போனோம்.

"நீங்கள் வெளியில நில்லுங்கோ" என்றான்.

நின்றோம்.