இறகு நுனி

உயிர்மருத்துவத்தில் பட்டப்பின்படிப்புக்கு ஆயத்தம் என்றால் இன்று பிள்ளைகள் சொல்வது மூன்று: ஐஈஎல்டிஎஸ் புள்ளி, வெளிநாட்டுப் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல், சான்றிதழ்க் கட்டு. ஆய்வுகூட மேசையில் நிற்பவர்களை 'ரிப்போட் அடிக்கிறவர்கள்' என்று தள்ளிவைத்துவிட்டு அதே மேசைக்கு எம்.பில். செய்ய வருகிறார்கள். ஒரு நல்ல இரத்த ஸ்மியர் இழுக்கக் கை பழகாதவர் ஆராய்ச்சிக்கு ஆயத்தமாகவில்லை என்பது என் முடிந்த முடிவு.

ஒரு துளி இரத்தத்தை ஸ்லைட்டில் மெல்லிதாக விரிக்கும் ஸ்மியர் சின்ன வேலையாகத்தான் தெரியும். விரிப்பானை முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை சரித்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். இரத்தசோகைக்காரரின் குருதி தண்ணீராக ஓடும், அதற்குச் சரிவைக் கூட்ட வேண்டும். செங்குழியங்கள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம், ஸ்மியர் மெலிந்து முடியும் இறகு நுனிக்குச் சற்று முன்னால்தான் கிடைக்கும். படிக்க வேண்டியது அங்கேதான். அதற்குப் பிறகு வருகிறது அப்புத்தளை, பண்டாரவளைப் பனிமூட்டம். ஈரக்காற்றில் ஸ்லைட் மெதுவாகக் காயும். மூடாமல் வைத்த மெதனோல் போத்தல் நீரை உறிஞ்சும். செங்குழியங்களுக்குள் பளபளக்கும் ஓட்டைகள் விழும். புதியவர் அதை நோய் என்று எழுதிவிடுவார். லீஷ்மன் சாயத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் இதே கதிதான். பிஎச் 6.8இல் நிற்காவிட்டால், அமிலம் கூடிய ஸ்லைட் முழுக்கச் சிவக்கும், காரம் கூடியது நீலம் பாயும். தான் காண்பது நோயா, தன் கை செய்த தவறா என்று கேட்கும் பழக்கம் இந்த மேசையில்தான் வருகிறது. ஆராய்ச்சிக்கு முதல் தகுதி அந்தக் கேள்விதான்.

இயந்திரம் எல்லாம் எண்ணித் தருகிறதே என்பார்கள். எண்ணித் தருகிறது, உண்மை. ஆனால் ஈடிடிஏ குழாயில் குருதிச்சிறுதட்டுக்கள் திரண்டுவிட்டால் இயந்திரம் அவற்றைக் குறைத்துச் சொல்லும்; டெங்குக் காலத்தில் அந்த எண் ஒரு குடும்பத்தையே கலங்கடிக்கும். ஸ்லைட்டில் திரள் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்றை எங்கள் பதுளையில் காணலாம். குருணாகல், அனுராதபுரம் போல இங்கும் தலசீமியா சிகிச்சை நிலையம் உண்டு. தோட்டங்களில் இரும்புக் குறைபாடும் உண்டு, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்பு சேர்வதையும் தடுக்கிறது. இரண்டிலும் செங்குழியம் சிறுத்து வெளிறும். பீட்டா தலசீமியாக் காவிக்கு ஈமோகுளோபின் ஏ2 வழமையாக 3.5 சதவீதத்துக்கு மேல் நிற்கும். இரும்பும் குறைந்தால் அது இறங்கி ஆளை மறைத்துவிடலாம். ஒரு எண்ணை மட்டும் நம்பும் மாணவர் இங்கே தவறுவார். 2000இல் லான்செட் இதழில் வந்த இலங்கைத் தலசீமியா ஆய்வில் நம் மருத்துவர்களும் பிரித்தானியக் குருதியியலாளர் டேவிட் வெதரால் குழுவினரும் சேர்ந்து உழைத்தார்கள். உலகத்தரமான கேள்வி இந்த நாட்டு இரத்தத்திலேயே இருந்தது.

மலையகப் பிள்ளைக்கு முதல் தடை ஆங்கிலம் அல்லவா என்ற மறுப்பு நியாயமானது. உயர்தரம் வரை தமிழில் படித்தவர் பல்கலைக்கழகத்தில் ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் விழுகிறார். அந்தச் சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் மொழி வேண்டும். காணாதவருக்கு எந்த மொழியும் உதவாது. இன்று எல்லாம் மரபணு ஆய்வு என்பதும் பதிலாகாது. பிப்பெட் பிடிக்கும் கை நடுங்கினால் பிசிஆரும் பொய் சொல்லும், கட்டுப்பாட்டு மாதிரி வைக்காதவருக்கு அந்தப் பொய் தெரியவும் வராது. டியூஷன் வகுப்பில் கடந்தகால வினாத்தாளைக் கரைத்துக் குடித்தவரிடம் இசட் புள்ளி இருக்கும், இந்தக் கை இருக்காது.

பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு இரத்தம் வேண்டாம், வெங்காயத் தோலும் குளத்துநீரும் போதும். நுணுக்குக்காட்டி அலுமாரியின் திறப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.