மூன்று கட்டை

நன்றாகப் பாடும் பெண்ணைப் பாராட்ட நம்மிடம் இருக்கும் சொற்களில் முதலில் வருவது குயில். தோப்புக்குள்ளிருந்து படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் அந்த 'கூ... கூ...' ஆண்குயிலுடையது. பெண்குயிலுக்கு அப்படிக் கூவ வராது. 'கிக், கிக்' என்று வெட்டி வெட்டிக் கத்தும். பறவைகளைப் பற்றிய எந்த நூலிலும் இது இருக்கும். இருந்தாலும் பாடகிகளுக்குக் குயில் பட்டம் கொடுப்பதை நாம் நிறுத்தவில்லை. பெண்குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதை எங்கோ முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். குயிலைக் கேட்டுச் செய்த முடிவு இல்லை அது.

என் குரல் தடித்தது. வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்கள் 'என்சிக்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் பெயரைச் சொன்னதும் ஒரு கணம் அமைதி, பிறகு மன்னிப்பு. இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. பாட்டு விஷயம் வேறு.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தேன். மூன்றாம் ஆண்டில், பண்பாட்டு இரவை ஒட்டி ஒரு பாட்டுப் போட்டி. எண்பதுகளில் எஸ். ஜானகி பாடிய பாட்டு ஒன்றை எடுத்திருந்தேன். ஏற்பாட்டுக் குழு கொடுத்த கரவோக்கே, மூலப் பாட்டின் சுருதியிலேயே இருந்தது. மாற்றித் தர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் பிளந்தது. அடுத்த அடியைக் கீழே இறக்கிப் பிடித்து முடித்தேன். நடுவர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. இது ஆம்பளக் கொரலு. பாட்டெல்லாம் நமக்கு வேணாம்மா. அறிவிப்பாளர் வேலைக்கு முயற்சி பண்ணுங்க."

அரங்கம் சிரித்தது. என் அறைத்தோழிகளும் சிரித்தார்கள். மேடையில் நின்றுகொண்டு வேறென்ன செய்வது, நானும் சிரித்தேன்.

அதன் பிறகு நான்கு வருடம் நான் பாடவில்லை. கோயிலில் பஜனை நடந்தால் வாயை மட்டும் அசைப்பேன். பிறந்தநாள் கேக் வெட்டும்போதுகூடக் கை மட்டும்தான் தட்டுவேன்.

கை தட்டுவது என்றதும் உஷா உதுப் ஞாபகம் வருகிறார். 'மன்மதன் அம்பு' படத்தில் மாதவனின் அம்மாவாக வருவாரே, அவர்தான். 1947இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது, அவர் குரல் மற்ற பிள்ளைகளின் குரலோடு ஒட்டவில்லை என்று இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் இந்தப் பெண்ணுக்குள் இசை இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. பாடாமல் தாளக்கருவி தட்டும் வேலையைக் கொடுத்தார். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் சேலை கட்டிக்கொண்டு மேடையேறினார் உஷா. அந்தக் கனத்த குரலை அவர் மெலிதாக்கிக்கொள்ளவே இல்லை. 2024இல் அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

இன்னொருவரைத் தேட நான் மவுண்ட் ரோடு வரைக்கும் போகவேண்டியதில்லை. பேராக்கில் எந்த மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் கூம்பு ஒலிபெருக்கியில் இருப்பது எல்.ஆர். ஈஸ்வரிதான். சினிமாவில் கோரஸ் பாடி ஆரம்பித்தவர். 1961இல் வந்த 'பாசமலர்' அவரைத் தனிக்குரலாக ஊருக்குக் காட்டியது. அதன் பிறகும் கதாநாயகிக்கு ஒரு குரல், விடுதியில் ஆடுகிறவளுக்கு இன்னொரு குரல் என்று சினிமா பிரித்துக்கொண்டது. இரண்டாவது பங்கு பெரும்பாலும் இவருக்கு வந்தது. சினிமா ஓரமாக வைத்த அந்தக் குரலைத்தான் அம்மனைக் கூப்பிட நாம் வைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் பின்னால் தேடித் தெரிந்துகொண்டவை. நான் மறுபடி வாய் திறந்ததற்குக் காரணம் காதடைப்பான்.

படிப்பு முடிந்து, ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராகச் சேர்ந்தேன். உற்பத்தி வரிசைப் பக்கம் போனால் இரைச்சல் தாங்காது, காதடைப்பான் கட்டாயம். காதை அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். வெளிச்சத்தம் குறையும், உங்கள் குரல் மட்டும் எலும்பு வழியாக மண்டைக்குள் பெரிதாகக் கேட்கும், அதிலும் கீழ்ச்சுரங்கள் நன்றாகவே கேட்கும். இரவு ஷிப்ட் ஒன்றில் சங்கிலியைச் சோதித்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்றாலும் யாருக்கும் கேட்காது. எனக்கு மட்டும் கேட்டது. அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. 'நல்ல குரல்' என்றெல்லாம் தோன்றவில்லை. 'இது நான்' என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து, புந்தோங்கில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பக்திப்பாடல் சொல்லித் தரும் ஓர் அம்மாவிடம் போனேன். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருபத்தாறு வயதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நடுவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். உங் கட்டை என்னா?"

தெரியவில்லை என்றேன். "தெரியாமலா நாலு வருசம் அழுத?" என்று ஆர்மோனியத்தை இழுத்தார்.

ஆர்மோனியத்தில் 'சி' என்று சொல்லும் வெள்ளைக்கட்டை ஒரு கட்டை, அடுத்த வெள்ளை இரண்டு, அதற்கடுத்தது மூன்று. நடுவில் இருக்கும் கறுப்புகள் அரைக்கட்டைகள். நம் ஸட்ஜம் எந்தக் கட்டையில் உட்காருகிறதோ அதுதான் நமக்குச் சுருதி. கர்நாடக இசையில் பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள்; ஆண்கள் ஒன்றை ஒட்டி. அந்த அம்மா ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, மேலே எதுவரை போகிறேன், கீழே எதுவரை இறங்குகிறேன் என்று பார்த்தார். கடைசியில் மூன்றில் நிறுத்தினார். "இங்கதாம்மா உன் வீடு."

அன்று இரவு கைப்பேசியில் அதிர்வெண்ணை அளந்தேன், பொறியாளர் புத்தி. ஐந்தரை என்பது ஏறக்குறைய 208 ஹெர்ட்ஸ், மூன்று என்பது 165. இடையில் இருப்பது நான்கு அரைச்சுரம்தான். கரவோக்கே செயலியில் ஒரு பொத்தானை நான்கு முறை தட்டினால் இறங்கிவிடும் தூரம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதே ஜானகி பாட்டை நான்கு படி இறக்கிப் பாடினேன். அரங்கத்தில் பிளந்த இடத்தில் குரல் தரையில் நடப்பது மாதிரி நடந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. நான்கு தட்டுக்கு நான்கு வருடமா?

'சுருதியே இல்லை', 'பாட்டு வராது' என்று யாரையாவது சொல்லும்போது காதில் கோளாறு என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். ஷான் ஹட்சின்ஸ், இசபெல் பெரெட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை வேறு மாதிரி சோதித்தது. ஒரு சுரத்தைக் கேட்கவைத்து அதைக் குரலால் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு விரலால் நகர்த்தும் ஒரு கருவியால் பிடிக்கச் சொன்னார்கள். குரலில் தடுமாறியவர்கள்கூடக் கருவியில் மிகத் துல்லியமாகப் பிடித்தார்கள். காது கேட்கிறது, தொண்டைதான் பழகவில்லை. பழக்கினால் வரும். பிறவியிலேயே சுரபேதம் தெரியாதவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் மிகக் கொஞ்சம் பேர்.

புந்தோங் அம்மா என்னைப் பாராட்டியே தூக்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த நடுவரைவிட அதிகமாகக் குறை சொன்னவர் அவர். "ரெண்டாவது அடியில மூச்சு வார்த்தைக்கு நடுவுல ஒடையுது." "ழகரத்துல நாக்கு சோம்பேறி." "காந்தாரம் கொஞ்சம் கீழ நிக்குது, தூக்கு." ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படி நாலைந்து. அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய் அந்த இடத்தைப் பத்துமுறை பாடினேன்.

ஏன் அவர் சொன்னது வலிக்கவில்லை என்று யோசித்தபோது எங்கள் தொழிற்சாலையின் சோதனை அறைதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, ஆயிரம் மில்லிலிட்டர் நீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். இரண்டு நிமிடத்துக்குள் எங்காவது துளி கசிந்தால் ஓட்டை. அறிக்கையில் 'கையுறை மோசம்' என்று எழுதினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வரிசை, எத்தனை மணி, விரலிடுக்கிலா மணிக்கட்டிலா என்று எழுதினால்தான் நான் போய் அச்சைப் பார்க்க முடியும். நல்ல விமர்சனத்தில் இடம் குறித்திருக்கும், நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கும். 'ஆம்பளக் கொரலு' என்பதில் இடமும் இல்லை, வேலையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும், தொண்டையை மாற்றவா?

இப்போதெல்லாம் யார் என் பாட்டைப் பற்றி எது சொன்னாலும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: "எந்த இடத்துல?" பதில் சொல்கிறவர்களின் பேச்சைக் குறித்துக்கொள்கிறேன். பாதிப்பேருக்குப் பதில் இருக்காது.

இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது எனக்குத் தெரியும். பாட்டிக்கும் இதே குரல். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது, லயங்கள் இடிந்துவிட்டன, நாங்கள் பட்டணத்துத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் ஆலையில் ஓடுவது நைட்ரைல், பெட்ரோலியத்திலிருந்து வருவது. பாட்டி சீவிய மரத்துக்கும் என் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். குரலில் மட்டும் இருக்கிறது.

விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குள் போகும்போது பாடிக்கொண்டேதான் வெட்டுவாராம். பாம்பு பயம், இருட்டுப் பயம். பாட்டு கேட்டால் அடுத்த நிரையில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பாட்டு நின்றால் போய்ப் பார்ப்பார்கள்.

"ஒங்க கொரல யாரும் ஆம்பளக் கொரலுன்னு சொல்லலயா பாட்டி?"

"கொரலு நல்லாருக்கா இல்லையான்னு அங்க யாரு பாத்தா? அந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு எட்டணும். எட்டுச்சு."

பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. அவரிடம் தாலாட்டு இருக்கிறது, கரகம் எடுக்கும்போது பாடுவது இருக்கிறது, செத்த வீட்டில் பாடுவது இருக்கிறது. எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. என் அத்தை மகள்கள் இரண்டு பேர் நன்றாகவே பாடுவார்கள், பரிசெல்லாம் வாங்கியவர்கள். பாட்டியின் பாட்டை அவர்கள் பாடினால் கீழே இறங்கும் இடங்களில் காற்றுதான் வருகிறது. மேலே தூக்கிப் பாடினால் அழகாக இருக்கிறது, ஆனால் பாட்டி முகத்தைச் சுளிக்கிறார். இழவு வீட்டில் பாடுவது உயரத்துக்குப் போனால் வேறு பாட்டாகிவிடுகிறதாம். எங்கள் குடும்பத்தில் அந்த ஆழத்துக்குப் போகிற குரல் இப்போதைக்கு ஒன்றுதான் இருக்கிறது.

போன தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் எங்கள் பஜனைக் குழுவோடு நானும் பாடினேன். ஒலிவாங்கி என் பக்கம் வந்தபோது கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். தொண்டை ஒரு நொடி இறுகியது. அது இன்னும் போகவில்லை, போய்விடும் என்று உறுதி சொல்லவும் மாட்டேன். அடுத்த அடி எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும், மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்றும் தெரியும். எடுத்தேன், பாடினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியைப் பாட்டி அருகில் வைத்துவிட்டு உட்காருகிறேன். முதலில் அவர் பாடுவார், பிறகு நான். இதுவரை பதினொரு பாட்டு பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டாவதில் ஓர் அடி அவருக்கு மறந்துபோய் இரண்டு வாரமாக வரவில்லை. தெரிந்த வரைக்கும் பாடு, பாடப் பாட வந்துரும் என்கிறார். நேற்று நான் பாடிக்கொண்டிருந்தபோது பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த எடத்துல இழுக்காத. வெட்டி விடு."

குறித்துக்கொண்டேன்.