பாவா ஆதம் மலையும் ஒரு கட்டாக்காலி நாயும்



கொஞ்சம் நீண்ட பதிவு. மலை ஏறிய கதைதான். ஆனால் மலை ஏறினோம் என்று காட்டுவதற்காக எழுதவில்லை, போட்டோவும் போடவில்லை. எமது ஊர்ப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் அந்த மலையில்தான் எமக்கே விளங்கியது. அதனால் எழுதுகிறோம்.

ஹட்டன் பக்கத்தில் எமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கணித ஆசிரியர். பயிற்சிக் காலத்தில் இருவருக்கும் ஒரே விடுதி அறை. பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். எம்மை "நானா" என்பார், நாம் "தம்பி" என்போம். அவருக்கு அது சிவனொளிபாத மலை. எமக்கு பாவா ஆதம் மலை. சிங்களச் சகோதரர்களுக்கு ஸ்ரீபாத. உயரம் 2,243 மீற்றர், அடிக் கணக்கில் 7,359. "உங்க பாவா மலைக்கு நானே ஆறு தடவை போய்ட்டேன், நீங்க ஒரு தடவையும் வரலையே நானா" என்று ஒவ்வொரு வருடமும் பகிடி பண்ணுவார். இந்த டிசம்பர் விடுமுறையில் போய்விட்டோம்.

சிலர் கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆதம் (அலை) அவர்கள் எந்த மலையில் இறக்கப்பட்டார்கள் என்று குர்ஆனில் இல்லை. சரந்தீப் என்ற செய்தி பழைய அறிவிப்புகளில் வருவது. நாம் போனது ஸியாரத்துக்கு அல்ல, நடக்கத்தான். ஆனால் எமது ஆட்களுக்கு அந்தப் பாதை புதிதும் அல்ல. 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து இந்த மலையில் ஏறினார். பாவா வழி, மாமா வழி என்று இரண்டு பாதைகள் இருந்ததை எழுதியிருக்கிறார். ஆதமும் ஹவ்வாவும்தான். பாவா வழி கடினம், மாமா வழி இலகு. பாறையில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் இருந்ததையும், அட்டை கடித்தால் தேசிக்காய் பிழிந்து விடுவதையும்கூட எழுதியிருக்கிறார். சங்கிலிக்குப் பதிலாக இன்று படிக்கட்டும் கைபிடிக் கம்பியும். அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

மலைப் பருவம் உந்துவப் போயாவோடு தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். நாம் போனது உந்துவப் போயாவுக்கு ஒரு வாரம் முன்பு. சன நெரிசல் இருக்காது என்பது நண்பரின் கணக்கு. நெரிசல் இருக்கவில்லைதான். வழி நெடுக வெளிச்சமும் இல்லை, தேத்தண்ணிக் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. முதல் நாள் பின்னேரம் ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். அங்கே ஒரு அறையில் கொஞ்சம் படுத்துவிட்டு இரவு ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். இருவருக்கும் இரண்டு டோர்ச். பையில் ரொட்டி, கட்டசம்பல், ஒரு பக்கற் பிஸ்கட், தண்ணீர், தொழுவதற்கு முஸல்லாவும் ஒரு சாரமும். நிலவு அதற்கு முன்பே மறைந்துவிட்டது.

நாய் எங்கே வந்து சேர்ந்தது என்று சரியாகத் தெரியவில்லை. ஜப்பான் பௌத்த தாதுகோபத்தைத் தாண்டும்போது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. டோர்ச்சைத் திருப்பினால் இரண்டு கண்கள். மண்ணிறம், நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை, ஒரு காது கிழிந்திருந்தது. கட்டாக்காலி நாய். எமக்குச் சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் பயம். பயத்தைவிட, பட்டுவிடுமோ என்ற அருவருப்பு. "அது ஒன்னும் செய்யாது நானா. இங்க மலை ஏறுறவங்க கூடவே போய் பழகின நாய்ங்க. பிஸ்கட் கிடைக்கும்னு வரும்" என்றார் நண்பர். உடனே அதற்கு ஜிம்மி என்று பெயரும் வைத்துவிட்டார். அவர்களது லயத்தில் எல்லா நாய்க்கும் ஜிம்மிதான் பெயராம்.

வழியில் கிடந்த ஒரு தடியை எடுத்துக்கொண்டோம். ஊன்றி நடக்க என்று நண்பரிடம் சொன்னோம். உண்மையில் நாய்க்காகத்தான்.

சீத கங்குல ஓடை வரைக்கும் பெரிய கஷ்டம் இல்லை. அதற்குப் பிறகு படிகள். ஐயாயிரத்துக்கும் மேல் என்பார்கள். நாம் இருநூறோடு எண்ணுவதை விட்டுவிட்டோம். மேலே போகப் போக மூடுபனி இறங்கியது. டோர்ச் வெளிச்சம் இரண்டு படிக்கு மேல் போகவில்லை. நாய் முன்னால் போகும், ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்க்கும், நாம் வந்ததும் மறுபடி போகும்.

நாலரை மணி இருக்கும். செங்குத்தான பகுதியில், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். கால் நடுங்கியது. காற்று அப்படி. பையைத் திறந்து ரொட்டியை எடுக்கும்போது நாய் வந்து எமது காலோடு ஒட்டி நின்றது. பனியில் அதன் உடம்பு முழுக்க நனைந்திருந்தது. லோங்ஸில் ஈரம் பட்டது. சுபஹுக்கு நேரம் நெருங்குகிறது, நஜிஸ் பட்டுவிட்டது என்ற ஒரே எண்ணம். கை தானாகத் தடியைத் தூக்கியது.

அது ஓடவில்லை, குரைக்கவுமில்லை. கண்ணை மூடி, தலையைத் தாழ்த்தி, உடம்பைச் சுருக்கிக்கொண்டு அப்படியே இருந்தது. அடி விழும் என்று தெரிந்த ஒரு உயிர் எப்படி இருக்குமோ அப்படி.

தடியைக் கீழே போட்டோம். அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. ஏனென்றால் அந்தச் சுருங்கலை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறோம்.

மூன்றாம் தவணையில் ஒரு நாள். எமது பாடசாலைக் கிணற்றுக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. இடைவேளையில் நாலைந்து பொடியன்மார் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாய் குட்டிகளை விட்டு ஓட முடியாமல் இப்படித்தான் சுருண்டு கிடந்தது. அன்று கடமையில் இருந்தது நாம். எம்மைக் கண்டதும் ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், நாய்க்கு அடிச்சா நன்மைதானே?" மணி அடித்துவிட்டது. "ஓம் ஓம், வகுப்புக்கு ஓடுங்க" என்று சொல்லிவிட்டோம். அவனும் சந்தோஷமாக ஓடிவிட்டான். நாமும் அதை மறந்துவிட்டோம்.

தாழ்வாரத்தில் இருந்தபடி இதை நண்பரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நானா, ஒன்னு சொல்லட்டுமா? நீங்க எங்க வீட்டுக்கு வாறப்பெல்லாம் அம்மா நாயைக் கொண்டுபோய் பின்னால கட்டிப் போட்ருவாங்க. அது பட்டுட்டா நீங்க தொழ முடியாதுன்னு அம்மாவுக்குத் தெரியும். நீங்க போற வரைக்கும் அது கத்திக்கிட்டே கிடக்கும்" என்றார்.

பதினைந்து வருடம். எத்தனை தடவை அந்த வீட்டில் தேத்தண்ணீர் குடித்திருப்போம். பின்னால் ஒரு நாய் கத்துவது காதில் விழுந்திருக்கிறது. ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எமது தொழுகையைப் பற்றி அந்தத் தாய்க்கு இருந்த கவனம், அவர்கள் வீட்டு உயிரைப் பற்றி எமக்கு இருக்கவில்லை.

சுபஹ் நேரம் வந்தது. லோங்ஸ் தடித்த துணி, ஈரம் உள்ளே இறங்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு சாரத்தை உடுத்து, போத்தல் தண்ணீரில் வுழூ செய்தோம். விரல் மரத்துப்போனது. நண்பர் பிஸ்கட்டோடு நாயைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார், முஸல்லாவில் வராமல் இருக்க. ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கடை வாசலில் முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்திருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஸூரதுல் கஹ்ப் ஓதுகிறோம். குகைவாசிகளோடு ஒரு நாய் போனதையும், வாசலில் அது முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததையும் அல்லாஹ் அதில் சொல்லிக் காட்டுகிறான். அந்த இளைஞர்களின் பெயரை அல்லாஹ் சொல்லவில்லை, ஆனால் அவர்களை எண்ணிச் சொல்லும் இடத்தில் நாயையும் சேர்த்தே சொல்கிறான். எத்தனை வருடமாக ஓதுகிறோம், அன்றுதான் நின்று யோசித்தோம்.

உச்சிக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி. பாதம் இருக்கும் மேடை பூட்டியிருந்தது. எம்மைத் தவிர ஏழெட்டுப் பேர்தான். நண்பர் கைகூப்பி நின்றார், நாம் ஒரு பக்கமாக நின்றுகொண்டோம். சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கைப் பார்த்தார்கள். நண்பர்தான் "நானா, மத்தப் பக்கம் பாருங்க" என்றார். மேற்கே மூடுபனி மேல் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்திருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் இருட்டில் நாம் முகம் வைத்துத் தொழுத பக்கம் அது. ஸுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

இறங்கும்போது முழங்கால் போய்விட்டது. நாய் கூடவே வந்தது. பாதி வழியில் மேலே ஏறி வந்த ஒரு கூட்டத்திடம் பணிஸ் இருந்தது. ஜிம்மி எம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர்களோடு மறுபடி மேலே போய்விட்டது. எமக்குக் கொஞ்சம் மனவருத்தம். நண்பர் சிரித்துச் சிரித்து ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து லோங்ஸை ஏழு தடவை கழுவினோம், ஒரு தடவை மண் கலந்து. நாம் ஷாபிஈ மத்ஹப். அந்தச் சட்டத்தில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாலிகி மத்ஹபில் நாய் சுத்தமானது என்றே இருக்கிறது, அது வேறு விஷயம். ஏழு தடவை கழுவ பத்து நிமிடம்கூட போகவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொன்ன "ஓம்" அப்படிப் போகாது.

சட்டம் கழுவச் சொல்கிறது. அடிக்கச் சொல்லவில்லை. வேட்டைக்கும் காவலுக்கும் நாயை மார்க்கம் அனுமதிக்கிறது. தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கி பாதணியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸை எல்லோருக்கும் தெரியும். மேடையிலும் சொல்கிறோம், பாடப் புத்தகத்திலும் படிப்பிக்கிறோம். ஆனால் எமது பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது கல்லைத்தான். அது அவர்கள் பிழையல்ல. நாம் நஜிஸ் என்ற பாதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரக்கம் என்ற மற்றப் பாதியை விட்டுவிட்டோம்.

பாடசாலை தொடங்கிய முதல் வாரம் அந்த வகுப்புக்குப் போய், "அன்றைக்கு சேர் சொன்னது பிழை" என்று சொன்னோம். வகுப்பு அமைதியாகிவிட்டது. அதே பிள்ளைதான் கேட்டான்: "அப்ப பட்டா கழுவத் தேவல்லையா சேர்?"

"கழுவத்தான் வேணும். அடிக்கத்தான் கூடாது."

கிணற்றடியில் அந்த நாயைப் பிறகு காணவில்லை. ஒரு குட்டி மட்டும் சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது. பொடியன்மார் இன்னும் அதைக் கண்டால் சத்தம் போடத்தான் செய்கிறார்கள். எமது கண்ணுக்கு முன்னால் கல் எடுப்பது மட்டும் நின்றிருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் நடப்பதை, பெற்றோரே, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ் நண்பரின் வீட்டுக்குப் போகிறோம். பையில் ஒரு சாரம் கூடுதலாக வைத்துக்கொள்வோம். நாயைக் கட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.