கல் ஊன்றும் முன்

எங்கள் ஊரான பாடாலூருக்கு மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஹைவேயிலிருந்து எவ்வளவு தூரம்?" அடுத்தது, நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பற்றி: "டிடிசிபி அப்ரூவல் இருக்கா?" அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு அந்தக் கேள்வி எல்லார் வாயிலும் வந்துவிட்டது. கேட்க வேண்டியதுதான். ஆனால், "மழை பெய்தால் இந்த நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஊர்க்காரர்களிடம் பதில் இருக்கிற கேள்வி அது ஒன்றுதான்.

பூமலை சஞ்சீவிராயர் மலையைக் காட்டி ஊருக்கு அடையாளம் சொன்ன காலம் மாறிவிட்டது. நான்கு வழிச்சாலை வேலையை உளுந்தூர்பேட்டை–பாடாலூர், பாடாலூர்–திருச்சி என்று பிரித்தபோது எங்கள் ஊர்ப் பெயர் டெல்லிக் காகிதங்களில் ஏறியது. பக்கத்து நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை வந்தது. எல்லைக்கல் நட்ட மனைப்பிரிவுகளும் வளைவுப் பலகைகளும் சாலையோரம் முளைத்தன.

இதற்கெல்லாம் ஊர் எதிரி என்று யாராவது நினைத்தால் அது தவறு. மாடியில் இரண்டு அறை எடுத்து வாடகைக்கு விட்ட ஓர் அக்கா சொன்னார்: "அந்த வாடகையிலதான் என் பொண்ணு காலேஜு முடிச்சா. ஷிப்டு முடிஞ்சு வர்ற பசங்களுக்குச் சோறும் நான்தான் பொங்கிப் போடுறேன்." இந்த வாழ்வைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காட்டை விற்றவரையும் குறை சொல்ல மாட்டேன். மானாவாரிச் சோளமும் பருத்தியும் மழையை நம்பியவை. சின்ன வெங்காயத்துக்கு ஒரு வருஷம் கிடைத்த விலை மறுவருஷம் பறிப்புக் கூலிக்கே காணாது. "800 அடி போர் போட்டேன் தம்பி, புழுதிதான் வந்துச்சு. கடன்காரனுக்குப் பதில் சொல்லணுமில்ல?" என்று கேட்ட பெரியப்பாவிடம் மண்ணை நேசியுங்கள் என்று யார் போய்ச் சொல்வது?

ஆனால் அதே பெரியப்பாதான், தாம் விற்ற நிலத்தில் கல் ஊன்றுவதைப் பார்த்துவிட்டு வந்து பொருமினார். கிழக்கு மூலையில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஒரு வாரி உண்டு. மேட்டுக்காட்டுத் தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் ஏரிக்கு இறங்கும். மற்ற நாட்களில் வெறும் பள்ளம். புல்டோசருக்கு அது பள்ளமாகத்தான் தெரிந்தது. நிரவிவிட்டார்கள். "சர்வேயில இல்லாட்டி என்ன, தண்ணிக்குத் தெரியுமே" என்றார் அவர்.

மண்ணும் அப்படித்தான், சர்வேயில் தெரியாது. எங்கள் பக்கம் பெரும்பாலும் கரிசல். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிற மண் கரிசல். அதில் மேலாக வாணம் தோண்டிச் சுவர் எழுப்பினால் இரண்டாம் கோடையிலேயே மூலைவாட்டில் விரிசல் விழும். உள்ளூர்க் கொத்தனார்கள் சுக்கான் பாறை தட்டுகிற வரை கரிசலை அள்ளிப் போட்டுவிட்டு, கிராவல் நிரப்பித் திமிசு போட்டு, பெல்ட் கான்கிரீட் போட்ட பிறகே சுவருக்கு வருவார்கள். செலவு கூடும். வீடு கட்ட அரசு பணம் தரும் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். கரிசலில் கட்டும் குடும்பத்துக்கு அதில் பெரும் பங்கு தரைக்குக் கீழேயே போய்விடுகிறது. கையிருப்பைக் கொட்டி மனை வாங்கிய வெளியூர்க்காரருக்கு இதை யாரும் சொல்வதில்லை. விற்பவர் கொடுக்கும் பளபளப்பான நோட்டீஸில் திருச்சி எத்தனை நிமிடம் என்று இருக்கும். மண் எப்படி என்று இருக்காது.

மனைப்பிரிவு அங்கீகாரம் பெறும்போது உள்ளே போட்ட சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் பத்து சதவீதம் பொது இடமாக விட வேண்டும். நல்ல விதி. ஆனால் வாங்கியவர்கள் விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்த மனைகளில் குடியிருப்பவர் யார்? பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்த இடத்தில் கருவேலம் நிற்கிறது. தெருவிளக்கும் குழாயும் கேட்டு மனு வந்தால் பொறுப்பு ஊராட்சியின் தலையில். எங்கள் ஊர்க் காலனியில் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறபோது இது சின்ன விஷயமல்ல.

வெறுமனே கிடக்கும் நிலத்தின் வலி இந்த மாவட்டத்துக்குப் பழக்கமானது. திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காகச் சுமார் 3,000 ஏக்கர் வாங்கப்பட்டு, வருஷக்கணக்கில் ஆலையும் இல்லாமல் விவசாயமும் இல்லாமல் கிடந்தது. கொடுத்தவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடினார்கள். பிறகு எறையூர் சிப்காட் தொழிற்பேட்டையில் காலணித் தொழிற்சாலைக்கு 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே பெண்களுக்கு வேலை என்ற பேச்சு எங்கள் ஊர்வரை நம்பிக்கையாக வந்தது. நிலம் போனாலும் பயன்படட்டும் என்பதுதான் இங்கே பெரும்பாலோர் நினைப்பு. விளைச்சலுமில்லாமல் வீடுமில்லாமல் போவதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

அப்ரூவல் கோப்பு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகிறது, வரைபடம் வருகிறது, பதிவு நடக்கிறது. இந்த வழியில் எந்த இடத்திலும் யாரும் பெரியப்பாவைக் கூப்பிட்டு வாரி எங்கே என்று கேட்கவில்லை. ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. குடியரசு தினம், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. சாலைகளுக்கான தானப் பத்திரத்தை ஊராட்சி வாங்குவதற்கு முன், அந்த மனைப்பிரிவின் வரைபடத்தைச் சபையில் விரித்து வைக்கலாம். மேட்டுக்காட்டுக்காரர், கொத்தனார், ஏரிப் பாசனக்காரர், காலனிப் பெண்கள் எல்லாரும் பார்க்கட்டும். வாரி போகும் இடத்தில் ஒரு குழாய்ப்பாலமாவது போடச் சொல்லட்டும். அவர்கள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நகலை மனை வாங்குகிறவர் கையிலும் கொடுக்க வேண்டும்.